கையைக் கடிக்காத விலையில் பேட்ஜர் ஷேவிங் பிரஷ்: புதிதாக வாங்குபவர்களுக்கு

மலேசியாவில் பாடாங் செராய் மாதிரியான தோட்டப்புற டவுனில் ஷேவிங் பிரஷ் என்று கேட்டால், கடைக்காரர் எடுத்து நீட்டுவது அநேகமாக ஒரே வகைதான். மெல்லிய பிளாஸ்டிக் கைப்பிடி, சீவினால் வளைந்து நிற்கும் நைலான் முடி. சீப்புக்கும் நகவெட்டிக்கும் நடுவே தூசி படிந்து தொங்கிக்கொண்டிருக்கும். பேட்ஜர் என்ற விலங்கின் முடி வைத்த பிரஷ் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளில்தான் தேட வேண்டும். அதாவது கன்னத்தில் வைத்துப் பார்க்காமல், கையில் தூக்கிப் பார்க்காமல், நாலு படத்தையும் ஒரு விளம்பர வரியையும் நம்பிப் பணம் கட்டுகிறோம். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல், படத்தைப் பார்த்தே நல்லதையும் மட்டமானதையும் பிரிப்பது எப்படி என்பதுதான்.

விலை வரம்பை 80 முதல் 150 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேல் போனால் அழகு கூடும், பெயர் கூடும். சவரம் அந்த அளவுக்குக் கூடாது. இதற்குக் கீழே 'பேட்ஜர்' என்று எழுதியிருப்பதை வாங்குவதைவிட, அதே காசுக்கு நல்ல செயற்கை முடிப் பிரஷ் வாங்குவது புத்திசாலித்தனம்.

பேட்ஜர் என்பது தமிழில் வளைக்கரடி. பிரஷ்ஷுக்கான முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. ஐரோப்பியப் பெயர் பொறித்த பிரஷ்களில்கூட முடி அங்கிருந்து வந்ததாகவே இருக்கும். இந்த முடி நடுவில் தடித்து நுனியில் ஊசிபோல் மெலியும். தடித்த நடுப்பகுதி நிமிர்ந்து நிற்க உதவுகிறது, மெலிந்த நுனி கன்னத்தில் மெத்தென்று படுகிறது. முடிகளுக்கு இடையில் தண்ணீரும் நிறையத் தங்கும். இந்த மூன்றுக்காகத்தான் ஆட்கள் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். விலங்கைக் கொன்றுதான் முடி எடுக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் செயற்கை முடிக்குப் போங்கள். இப்போது வருபவை பழைய நைலான் மாதிரி இல்லை, நுரை நன்றாகவே எழுப்புகின்றன.

தரப் பெயர்களை நம்ப வேண்டாம்

'பியூர்', 'பெஸ்ட்', 'சூப்பர்', 'சில்வர்டிப்', 'ஃபைனஸ்ட்' என்று ஏறுவரிசையில் பெயர்கள் வரும். இவற்றை வரையறுக்க எந்தப் பொதுவான அளவுகோலும் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் 'பெஸ்ட்' இன்னொருவரின் 'சூப்பர்'. 'பியூர்' என்றால் சுத்தமானது, உயர்ந்தது என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். உண்மையில் அதுதான் கடைசிப் படி. கலப்பில்லாமல் பேட்ஜர் முடிதான் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை.

பொதுவாக 'பியூர்' கருஞ்சாம்பல் நிறத்தில் தடித்த முடியோடு வரும். 'பெஸ்ட்' கொஞ்சம் வெளுத்து, மெலிந்து, நுனி மென்மையாக இருக்கும். 'சில்வர்டிப்' மூன்று பட்டையாகத் தெரியும்: அடியில் வெளுப்பு, நடுவில் கறுப்பு, நுனியில் வெள்ளை. 'டூ பேண்ட்' எனப்படும் இரட்டைப் பட்டையில் அடிக் கறுப்பும் நுனி வெள்ளையும் மட்டும் கண்ணில் படும். இது மூன்று பட்டையைவிடக் கொஞ்சம் விறைப்பானது. நம் வரம்புக்குள் கிடைப்பவை 'பெஸ்ட்' வகையும், சீனத் தயாரிப்பாளர்கள் நேரடியாக விற்கும் இரட்டைப் பட்டையும். யாச்சி போன்ற நிறுவனங்கள் இந்த விலையில் நிறைய வைத்திருக்கின்றன. புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை இந்த நடு வரிசைதான்.

நுனிதான் எல்லாம்

மலிவுப் பிரஷ் கன்னத்தைச் சுரண்டுவதற்கு முடி மட்டமானது என்பது மட்டும் காரணமில்லை. கத்தரித்தது காரணம். முடிக்கொத்தைக் கட்டும்போது ஒவ்வொரு முடியின் நுனியும் சரியான உயரத்தில் அமையும்படி அச்சில் தட்டி ஒழுங்கு செய்ய வேண்டும். அதற்குப் பழகிய கையும் நேரமும் வேண்டும். அவசரத் தயாரிப்பில் கொத்தை எப்படியோ கட்டிவிட்டு, மேலே கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிவிடுவார்கள். இயற்கையான ஊசி நுனி போய், குச்சி முனை மிஞ்சும். அது மென்மையாவதே இல்லை. 'பழகப் பழக இளகும்' என்று விற்பவர் சொன்னால், அது பன்றி முடிக்குப் பொருந்தும். பன்றி முடியின் நுனி பிளந்து பிளந்து உண்மையிலேயே மென்மையாகும். வெட்டிய பேட்ஜருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

படத்தில் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொத்தின் மேல்விளிம்பு புல்வெட்டும் இயந்திரம் ஓடிய திடல்போல் ஒரே கோடாக இருந்தால் வெட்டியது. விளிம்பு லேசாகப் புகை மாதிரி மங்கி, சில முடிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கி நின்றால் வெட்டாதது. மேலிருந்து எடுத்த படத்தில் வெட்டியது கரும்புள்ளிகளாகத் தெரியும். வெட்டாதது வெளிர் நிறத்தில் பஞ்சு மாதிரி தெரியும். இந்த இரண்டு கோணத்திலும் படம் போடாத விற்பனையாளரிடம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அடுத்த கடை.

எத்தனை மில்லிமீட்டர்

இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, முடிக்கொத்து கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் அதன் குறுக்களவு. மற்றது, கைப்பிடியின் வாயிலிருந்து முடியின் உச்சி வரை உள்ள உயரம். விற்பனைப் பக்கத்தில் '105' என்றோ '110' என்றோ போட்டிருந்தால் அது முழுப் பிரஷ்ஷின் நீளம், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதேபோல் விரிந்த நுனியை அளந்து '45 மில்லிமீட்டர் கொத்து' என்று பெருமை பேசுவார்கள். அதுவும் வேண்டாம்.

குறுக்களவு 20 முதல் 28 வரை கிடைக்கும். உயரம் அதைப்போல் இரண்டு மடங்கிலிருந்து இரண்டேகால் மடங்குக்குள் இருந்தால் நடுத்தர விறைப்பு. 22க்கு 44 முதல் 50, 24க்கு 48 முதல் 54. 22 கொத்துக்கு 57 உயரம் என்றால் ஈரத்தில் துவண்டு விழும். 40 என்றால் குச்சிமாதிரி நிற்கும், முகத்தில் விரியாது. அடர்த்தியும் இதில் சேரும் என்றாலும், அடர்த்தியை எண்ணில் யாரும் எழுதுவதில்லை.

அளவை மனத்தில் பிடிக்க ஒரு காசு போதும். 2012இல் வெளிவந்த மஞ்சள் நிற 50 காசு நாணயத்தின் குறுக்களவு 22.65 மில்லிமீட்டர், 20 காசு 20.6. உள்நாட்டு விற்பனையாளராக இருந்தால், பிரஷ்ஷின் கழுத்தருகே 50 காசை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். எண்ணில் ஏமாற்றலாம், நாணயத்தை நீட்ட முடியாது. பழைய வெள்ளி நிற 50 காசு இதைவிடப் பெரியது. அதை வைத்து எடுத்தால் கணக்குத் தப்பிவிடும்.

எங்கள் தேர்வு 22, அதிகம் போனால் 24. இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் 26, 28 என்று புகழ்வதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய கொத்து சோப்பை விழுங்கும், மூக்கின் கீழே நுழையாது. அதைவிட முக்கியம், நம் ஊர்க் காற்றில் அது ஒரு நாளில் காயாது. தோட்டத்து வீட்டின் பின்பக்கக் குளியலறையில் எப்போதும் ஈரம். ஆண்டின் கடைசி மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் துணியே இரண்டு நாள் காய்கிறது. தினமும் காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கோ (வேலைக்கு ஆள் கூடும் இடம்) அலுவலகத்துக்கோ சவரம் செய்துகொண்டு போகிறவர், நேற்றைய ஈரத்தோடு இருக்கும் பிரஷ்ஷை மறுபடி நனைக்கிறார். அடிக்கொத்து அழுகத் தொடங்குவது அங்கேதான். 22 மில்லிமீட்டர் கொத்து மறுநாளைக்குள் காய்ந்துவிடும்.

வடிவம் இரண்டு. குமிழ் வடிவம் நடுவில் உயர்ந்து நிற்கும், முகத்திலேயே நுரை எழுப்ப வசதி. விசிறி வடிவம் தட்டையாக விரியும், கிண்ணத்தில் அடிப்பவர்களுக்கு. குமிழ் இரண்டு வேலையும் பார்க்கும்.

கைப்பிடியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை: ரெசின். மரம் பார்க்க அழகு. ஆனால் மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் தண்ணீர் உள்ளே போகும், மரம் உப்பும், கொத்தைப் பிடித்திருக்கும் பசை விடும். உலோகம் சோப்புக் கையில் வழுக்கும். ரெசினிலும் உள்ளே காலியாக இல்லாமல் முழுசாக வார்த்ததைப் பாருங்கள், தூக்கும்போது அடி கனமாக இருக்கும். இடுப்பு ஒடுங்கிய வடிவம் விரலுக்குப் பிடி கொடுக்கும்.

போலிகள்

பேட்ஜர் என்ற பெயரில் அதிகம் வருவது சாயம் போட்ட பன்றி முடி. வெளிர் நிறப் பன்றி முடியின் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை அடித்தால் தூரத்துப் பார்வைக்கு பேட்ஜர்தான். வேறுபாடு பட்டையின் ஓரத்தில் இருக்கிறது. உண்மையான முடியில் ஒவ்வொரு முடிக்கும் கறுப்பு வேறு உயரத்தில் தொடங்கும், ஆகவே ஓரம் கலங்கலாக இருக்கும். சாயத்தில் தொட்டெடுத்தது அளவுகோல் வைத்துக் கோடு போட்டமாதிரி நேராக இருக்கும். பன்றி முடியின் நுனி இரண்டாக மூன்றாகப் பிளந்திருக்கும். பேட்ஜர் நுனி பிளக்காது. 'மிக்ஸ்டு பேட்ஜர்' என்றிருந்தால் கலப்பு என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

மலேசியாவில் நமக்கு ஒரு கூடுதல் துணை உண்டு. பன்றி அல்லது நாயின் எந்தப் பகுதியிலிருந்தும் செய்த பொருளை அப்படியே குறிப்பிட்டு, மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துத்தான் விற்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. 2017 பிப்ரவரியில் இந்த ஆணையின் பேரில் நாடு முழுவதும் கடைகளில் சோதனை நடத்தி, குறிப்பு ஒட்டாத 2,000க்கும் மேற்பட்ட பெயிண்ட் பிரஷ்களைப் பறிமுதல் செய்தார்கள். ஷேவிங் பிரஷ்ஷும் இதற்குள் அடங்கும். எனவே உள்நாட்டு விற்பனையாளரிடம் 'இதில் பூலு பாபி (பன்றி முடி) கலந்திருக்கிறதா' என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் புரிந்துகொள்ளலாம். மலாய் நண்பருக்குப் பரிசாக வாங்குவதாக இருந்தால் இந்தக் குழப்பமே வேண்டாம், செயற்கை முடியை வாங்கிக் கொடுங்கள்.

பழைய சாமான் விற்கும் பண்டல் கடையில் பத்து வெள்ளிக்குப் பழைய பிரஷ் கிடைத்தால் ஆசைப்பட வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடியை பேட்ஜர் போல வேடமிட்டு விற்ற பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ராணுவத்தினர், பொதுமக்கள் என 200க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய கிருமி நோய் வந்தது. போலி பேட்ஜர் என்பது இன்றைய ஷாப்பிக் கதை இல்லை, நூறு வருடத்துக் கதை. இன்று வரும் புதுப் பிரஷ்ஷில் அந்தப் பயம் வேண்டியதில்லை. எங்கிருந்து வந்தது, யார் முகத்தில் ஓடியது என்று தெரியாத பழையதைத் தவிர்த்தால் போதும். அப்பா பிரஷ்ஷை மகன் பயன்படுத்துவதும் இதே காரணத்துக்காக வேண்டாம். கத்தி பட்ட தோலில் ஒருவர் கிருமி இன்னொருவருக்குப் போகும்.

ஆர்டர் போடும்போது

வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையச் சரக்குக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 120 வெள்ளிப் பிரஷ் 132 ஆகும். விலையை ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்தில் காட்டும் மொத்தத் தொகையைப் பாருங்கள். நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்க்காமல், வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், அதிலும் ஈரமான பிரஷ்ஷின் படத்தை. 'சீக்கிரம் வந்தது, பார்சல் நன்றாகக் கட்டியிருந்தது' என்று ஐந்து நட்சத்திரம் போட்டவர் இன்னும் முகத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

பார்சலைப் பிரிப்பதை வெட்டில்லாமல் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். 'பொருள் கிடைத்தது' பொத்தானை அழுத்த அவசரம் வேண்டாம். கீழே உள்ள சோதனைகள் முடிந்த பிறகு அழுத்தலாம்.

வந்த அன்று

முதலில் உலர்ந்த நிலையில் கைப்பிடியைப் பிடித்துக் கொத்தை மெல்ல ஆட்டுங்கள். கழுத்தில் துளி அசைவு இருந்தாலும் பசை சரியில்லை. விரலால் முடியை நாலு பக்கமும் விசிறிவிட்டு நடுவில் பாருங்கள். சிறு குழி, பள்ளம், பசை வழிந்து மேலேறிய கட்டி எதுவும் இருக்கக் கூடாது. மெல்லச் சீவிவிட்டால் நாலைந்து முடி வரும். அது சாதாரணம், கட்டும்போது பிடிபடாமல் போன முடிகள்.

உதிர்ந்த ஒரு முடியை எடுத்து நெருப்பில் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றத்தோடு பொடிந்தால் விலங்கு முடி. உருகி உருண்டையானால் செயற்கை. இந்தச் சோதனை பன்றியையும் பேட்ஜரையும் பிரிக்காது. அதற்கு நுனியைத்தான் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேல் முடியை வைத்து, கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

அடுத்து வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் நனைத்து, வெள்ளை டிஷ்யூ தாளில் ஒற்றுங்கள். முதல் முறை லேசான அழுக்கு மஞ்சள் வரலாம். கறுப்போ பழுப்போ திரும்பத் திரும்ப இறங்கினால் சாயம். திருப்பி அனுப்பக் காணொளி கையில் இருக்கிறது.

கடைசியாக, ஈரப் பிரஷ்ஷை உள்ளங்கையில் வேண்டாம், கன்னத்தில் செங்குத்தாக வைத்து லேசாக அழுத்துங்கள். கை காய்ப்புப் பிடித்திருக்கும், அதற்குத் தெரியாது. செம்பனைக் குலை வெட்டுகிற கைக்கு எந்தப் பிரஷ்ஷும் பட்டுதான்.

நாற்றம்

புது பேட்ஜர் நாறும். நனைந்த ஆட்டின் பக்கத்தில் நிற்பதுபோல. கெட்டுப்போனது என்று சிலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஒரு கடலை அளவு ஷாம்பு போட்டு உள்ளங்கையில் ஒரு நிமிடம் சுழற்றி அலசுங்கள். இரண்டு மூன்று முறை. பிறகு ஷேவிங் சோப்பில் நுரை எழுப்பி அப்படியே ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் அலசுங்கள். மீதி நாற்றம் ஒரு வாரப் பயன்பாட்டில் போய்விடும். கிளோரோக்ஸ் (பிளீச்), கொதிநீர், டெட்டால் எதுவும் வேண்டாம். முதலாவது முடியைத் தின்னும், இரண்டாவது பசையை இளக்கும், மூன்றாவதின் வாசம் பேட்ஜரைவிட நீண்ட நாள் நிற்கும்.

முதல் நுரை

சோப்பு வாங்கும்போது டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'பிரஷ்லெஸ்' என்று இருந்தால் எந்தப் பிரஷ்ஷாலும் அதில் நுரை எழுப்ப முடியாது. புட்டியிலிருந்து நுரையாகவே வருவதற்கும் பிரஷ் தேவையில்லை. நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் இந்தியாவிலிருந்து வரும் ஷேவிங் கிரீம்களில் பல நன்றாகவே நுரைக்கும், விலையும் குறைவு.

பிரஷ்ஷை வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு நிமிடம் நனைய விடுங்கள். விரல் வைத்தால் சுகமாக இருக்கும் சூடு போதும். விரல் பொறுக்காத சூட்டை முடியும் பொறுக்காது. எடுத்து இரண்டு முறை உதறி, அடியிலிருந்து நுனிக்கு லேசாக ஒருமுறை பிழியுங்கள். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பேட்ஜர் உள்ளே எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. பிழியாமல் கிரீமில் வைத்தால் முதல் சுற்றிலேயே எல்லாம் நீராகி, பாத்திரம் கழுவும் நுரைபோலப் பெரிய பெரிய குமிழியாக நிற்கும்.

பால்மரத்து மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கோப்பை) அளவுள்ள கிண்ணம் ஒன்று போதும், உட்புறம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் நல்லது. வழவழவென்று தேய்த்த சிரட்டையும் ஆகும். அதில் ஒரு பாதாம் பருப்பு அளவு கிரீம், ஏறக்குறைய ஒரு கிராம். கட்டி சோப்பு என்றால் அதன் மேலேயே பிரஷ்ஷை 20 முதல் 30 விநாடி சுழற்றுங்கள், நுனியில் பசைபோல ஏறும் வரை. பிறகு கிண்ணத்தில் வட்டமாகச் சுழற்றுங்கள். நுனி மட்டும் வேலை செய்தால் போதும். முடி பாதிக்கு மேல் மடங்கக் கூடாது. ஒவ்வொரு பத்து விநாடிக்கும் விரலால் நாலைந்து சொட்டுத் தண்ணீர். ஒன்றரை நிமிடத்தில் கெட்டித் தயிர் பதத்துக்கு வந்து, மேலே ஒரு மினுமினுப்புத் தெரிந்தால் தயார். மினுமினுப்பு இல்லாமல் வெண்ணெய்போல் ஒட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர் போதவில்லை, பிளேடு இழுக்கும். குமிழி தெரிந்தால் தண்ணீர் அதிகம். இன்னும் கொஞ்சம் கிரீம் சேர்த்து அடியுங்கள்.

முகத்தில் முதலில் வட்டமாகத் தேய்த்து முடியை எழுப்பி, கடைசியில் பெயிண்ட் அடிப்பதுபோல் ஒரு பக்கமாக நீவிவிடுங்கள். சுருட்டை முடி உள்ளவர்களுக்குச் சவரத்துக்குப் பிறகு முடி தோலுக்குள் வளைந்து வளர்ந்து கொப்புளம் போடும். இந்த வட்டத் தேய்ப்பு அதைக் கொஞ்சம் குறைக்கும். புண் இருக்கிற இடத்தில் தேய்க்க வேண்டாம்.

காய வைப்பது

முடிந்ததும் நுனியை ஓடும் தண்ணீரில் காட்டினால் மட்டும் போதாது. விரலால் கொத்தைப் பிரித்து அடிவரை தண்ணீர் போகவிட்டு, பிழிந்தால் நுரை வராத வரைக்கும் அலசுங்கள். அடியில் தங்கும் சோப்புதான் பின்னால் முடியை இறுக்கி நடுவில் பள்ளம் விழ வைக்கிறது. ஐந்தாறு முறை வேகமாக உதறி, துண்டில் இரண்டு பக்கமும் துடைத்து, குளியலறைக்கு வெளியே காற்று படும் இடத்தில் நிறுத்துங்கள். சமையலறை ஜன்னல் விளிம்பு நல்ல இடம். நேர் வெயில் வேண்டாம், முடி மொறமொறப்பாகும்.

தலைகீழாகத் தொங்கவிடும் தாங்கி கட்டாயமா என்று ஒரு பெரிய சர்ச்சையே உண்டு. நன்றாக உதறியிருந்தால் நிமிர்த்தி வைப்பதிலும் தவறில்லை. தாங்கிக்குக் கொடுக்கும் இருபது வெள்ளியைக் கொத்தின் தரத்தில் போடுங்கள். ஈரமாக மூடிய டப்பாவில், கண்ணாடிக்குப் பின்னால் உள்ள அலமாரியில் வைப்பதுதான் உண்மையான தவறு. வெளியூர்ப் பயணத்தில் பிளாஸ்டிக் குழாயில் போட்டால் போய் இறங்கியதும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் சவரம் செய்யாதவர்கள் பிரஷ்ஷை அப்படியே ஜன்னலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. துணியை அரிக்கும் பூச்சிகளின் புழு முடியையும் அரிக்கும். சோப்பு வாடைக்குக் கரப்பான் வரும். ஷாம்பு போட்டுக் கழுவி, மூன்று நாள் முழுசாகக் காயவிட்டு, காகித உறையில் சுற்றி மூடிய டின்னில் வையுங்கள். மாலை கழற்றியதும் தாடியைக் கத்தரித்துக் குறைத்துவிட்டுப் பிரஷ்ஷைத் தொடுங்கள். நீண்ட தாடியில் சுழற்றினால் முடியும் முடியும் பின்னிக்கொண்டு பிரஷ்ஷின் முடிதான் பிடுங்கிக்கொண்டு வரும்.

கோளாறு வந்தால்

முதல் பத்துச் சவரத்தில் தினம் ஒன்றிரண்டு முடி உதிரலாம், பிறகு நிற்க வேண்டும். நிற்காமல் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது ஒரே இடத்திலிருந்து கற்றையாக வந்தால், பசை உள்ளே இறங்காத கொத்து. அது தேறாது. முடி பாதியில் ஒடிந்து வருகிறது என்றால் தப்பு பிரஷ்ஷில் இல்லை, கையில் இருக்கிறது: அழுத்தித் திருகுகிறீர்கள். பெயிண்ட் அடிப்பதுபோலக் கைவீச்சை மாற்றுங்கள்.

முன்பு மென்மையாக இருந்தது விறைத்து, நுரை பிடிக்காமல் போனால் சோப்புப் படிவு. கிணற்றுத் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ பயன்படுத்தும் வீடுகளில் இது சீக்கிரம் வரும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, வெதுவெதுப்பான நீர் பத்துப் பங்கு. கைப்பிடியை நனைக்காமல் முடியை மட்டும் ஐந்து நிமிடம் வைத்து, அலசி, ஷாம்பு போட்டு மறுபடி அலசுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். கழுத்தில் கரும்புள்ளியும் பூஞ்சை வாடையும் வந்தாலும் இதையே செய்து பார்க்கலாம். வாடை திரும்பினால் அந்தக் கொத்தை முகத்தில் வைக்காதீர்கள்.

கொத்து மொத்தமாகக் கழன்று கையோடு வந்துவிட்டால் பதற வேண்டாம், இதுதான் இருப்பதிலேயே எளிய பழுது. குழியில் உள்ள பழைய பசையை உப்புத்தாளால் சுரண்டி, இரண்டையும் இரண்டு நாள் காயவிட்டு, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் இரண்டு டியூப் எப்பாக்சியைச் சம அளவில் கலந்து குழிச் சுவரில் மெல்லிசாகத் தடவுங்கள். கொத்தைச் செருகி, நேராக நிற்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்து, முடியில் பசை வழியாமல் துடைத்து, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம், தண்ணீரில் விட்டுவிடும். கொத்து கெட்டு, கைப்பிடி நன்றாக இருந்தால் கொத்தை மட்டும் தனியாக வாங்கலாம். குழியின் குறுக்களவையும் ஆழத்தையும் அளந்து, கொத்தின் அடிக்கட்டி அதைவிட அரை மில்லிமீட்டராவது சிறியதாக இருக்கும்படி ஆர்டர் போடுங்கள். கொத்தை எவ்வளவு ஆழம் இறக்குகிறீர்களோ அவ்வளவு உயரம் குறைந்து விறைப்புக் கூடும். ஆகவே பசை தடவும் முன், குழியில் பழைய ஒரு காசு நாணயத்தை ஒன்றிரண்டாகப் போட்டு ஏற்றி இறக்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.